மண் முயல் வேட்டை

மாசி 2, வெள்ளி

அடைக்கலம் ஆகிய நான் சொல்ல, என் மருமகள் செல்வராணி எழுதுவது. அவளுக்கு அங்கன்வாடி வேலை முடிந்து, மாவாட்டி முடித்த பிறகுதான் நேரம். அதனால் அவசரமில்லாத சமாசாரம் எதையும் நான் சொல்லப் போவதில்லை.

இன்று ஊர்க்கூட்டம். பேச்சு அய்யனாருக்கு மாசி வேட்டை போடுவதைப் பற்றி. பழைய வேட்டைகளில் யார் யார் எந்த முயலை அடித்தார்கள் என்று நான் வரிசையாகச் சொன்னேன். கண்மாய்த் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் அடிபட்ட முயலுக்கு இடது காது நுனி கிழிந்திருக்கும். அதைத் தானே அடித்ததாகச் சேவுகன் சொல்லிக்கொண்டு திரிகிறான். அடித்தது அவன் நாய். இதைச் சொன்னதும் கோயில் கணக்கு பார்க்கிற பையன், "அதெல்லாம் எழுத்துல இருக்கா தாத்தா?" என்று கேட்டான். கண்ணால் பார்த்த என்னை விட்டுவிட்டு எழுத்தைத் தேடுகிறான். சரி, இனிமேல் எழுத்திலும் இருக்கட்டும்.

கூட்டத்துக்கு வனத்துறை ஆட்களும் வந்திருந்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். முயலை அடித்தால் வழக்கு, வலை விரித்தாலும் வழக்கு. அவர்கள் சொல்லித்தான் சில வருஷமாக வேட்டை நின்றிருக்கிறது. வேட்டை இல்லாமல் திருவிழாவா என்று கிழடுகள் நாங்கள் கேட்டோம். வழக்குக்கு யார் அலைவது என்று இளசுகள் கேட்டார்கள். அப்போதுதான் வேளார் எழுந்தார். அய்யனாருக்கு மண் குதிரை செய்வதும் அவர்தான், பூசை செய்வதும் அவர்தான்.

"நானே ஒரு முசலு செஞ்சு சுட்டுத் தாரேன். காட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருவேன். நாலு வகையறாவும் பிள்ளைகுட்டியோட போயித் தேடுங்க. முசலு ஆருக்கு ஆகுதோ அவுகளுக்குப் பரிவட்டம்" என்றார்.

வனத்துறைக்காரர் சிரித்துவிட்டார். மண் முயலுக்குச் சட்டம் இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

முயல் என்றால் ஓட வேண்டும். வைத்த இடத்தில் இருப்பதற்குப் பெயர் பானை. இதை நான் கூட்டத்திலேயே சொன்னேன். அதற்குச் சேவுகன், "ஒனக்கு ஓடுற முசலுதான் ஆகலை. உக்காந்த முசலாவது ஆகுதான்னு பாரு மச்சான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் எனக்கு மாமன் மகன், அதனால் சொல்லலாம். ஆனாலும் எழுதிக்கொள்.

முயலை அடித்தவன் தலையில் அய்யனார் கோயிலில் வைத்துப் பட்டுத்துணி கட்டி, கொட்டு மேளத்தோடு குதிரைகளைச் சுற்றிக் கூட்டி வருவார்கள். அதுதான் பரிவட்டம். எங்கள் அப்பாவுக்கு இரண்டு முறை கட்டியிருக்கிறது. அண்ணனுக்கு ஒரு முறை. சேவுகனுக்கு மூன்று முறை, அதில் ஒன்று நாய்க்குச் சேர வேண்டியது. எனக்கு அமையவில்லை. அதில் எனக்கு ஆசை என்றும் சொல்ல முடியாது.

(பட்டுக்கரை வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடச் சொன்னார். போட்டேன். – செ.)

மாசி 4, ஞாயிறு

பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் பிள்ளைகளைப் பழக்கக் காட்டுக்குப் போனோம். மகன் காளைலிங்கம் லோடு வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். பேத்தி சஷ்மிதா ஏழாம் வகுப்பு. அந்தப் பெயர் என் வாயில் நுழையாது, சசு என்பேன். பேரன் லிங்கேஷ் ஒன்றாம் வகுப்பு. நாய் வெடி. மருமகள் செல்வி தூக்குச் சட்டியோடு பின்னால் வந்தாள்.

வேட்டைக்குக் குடும்பத்தோடு போவது ஒன்றும் புதிது இல்லை. எனக்குக் காது குத்திய வருஷமே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பொம்பளைகள் கஞ்சிப் பானை சுமப்பார்கள், பிள்ளைகள் தட்டைத் தட்டிப் புதரைக் கலைக்கும், ஆம்பளைகள் எறிகம்போடு நிற்பார்கள். நாற்பது பேருக்கு ஒரு கஞ்சிப் பானைதான். இன்று எங்கள் ஐந்து பேருக்குப் புளிச்சோறு, முறுக்கு, இரண்டு பாட்டில் தண்ணீர், குடை, தைலம், லிங்கேஷுக்கு மாற்று டவுசர்.

லிங்கேஷைத் தட்டுத் தட்டச் சொல்லியிருந்தேன். அவன் வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டான். கண்மாய்க் கரை ஏறுவதற்குள் காட்டில் காக்காய்கூட இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் இங்கே புலி இருக்குமா என்று கேட்டான். சும்மா இருப்பானே என்று இருக்கும் என்றேன். அதோடு அப்பன் தோளில் ஏறினவன்தான், இறங்கவில்லை.

விராலிப் புதர் பக்கம் வந்ததும் நான் கையைத் தூக்கினேன். எல்லாரும் நின்றார்கள். வேரடியில் முயல். காதைப் பின்னால் சாய்த்துப் படுத்திருந்தது. மண் முயல் வேட்டைக்குப் பழக வந்த இடத்தில் நிஜ முயலே குறுக்கே வந்தால் நான் என்ன செய்வது? கை தானாகப் போய்விட்டது. நல்ல அடி. போய்ப் பார்த்தால் சிமெண்டுச் சாக்கு. அதை அங்கே கொண்டுவந்து போட்டவனைச் சொல்ல வேண்டும்.

(வெள்ளைச் சாக்கு. கம்பெனிப் பெயர்கூடப் பெரிதாக எழுதியிருந்தது. – செ.)

நான் படிக்காதவன். எழுத்து இருந்தால் எனக்கென்ன தெரியும்?

சசு தன் கம்பில் ரிப்பன் சுற்றி வைத்திருந்தாள்; அதைப் பிடிப்பது எப்படி என்று காட்டினேன். பெருவிரல் அடியில் இருக்க வேண்டும். அவள் அப்படிப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடுகிறாளாம், தோளுக்கு மேலே கொண்டுபோய் எறிந்தாள். கொடுக்காப்புளிக் கொத்து விழுந்தது. இன்னொரு முறை எறிந்தாள், இன்னொரு கொத்து. கொடுக்காப்புளி ஓடாது, அதனால் இதில் பெருமை இல்லை என்றேன்.

"இந்த முசலும் ஓடாதுல்லய்யா" என்றாள்.

அந்த நேரம் பார்த்து என் காலில் முள் குத்திவிட்டதால் உட்கார்ந்து அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

மாசி 6, செவ்வாய்

ஆடு மேய்த்தேன். பட்டியில் அடைக்கும்போது எண்ணினால் ஒன்று கூடுதலாக இருந்தது. தெற்குத் தெரு அன்னக்கிளி வந்து, தன்னுடைய கிடாயை நான் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டதாகச் சத்தம் போட்டாள். நான் ஓட்டவில்லை. அது என் ஆடுகளோடு பழக்கமாக வந்தது.

(எங்கள் ஆடுகள் எல்லாம் வெள்ளாடு. அது கறுப்புச் செம்மறி. – செ.)

மாசி 8, வியாழன்

வேளார் வீட்டுப் பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் சக்கரத்தடியில் இருந்ததைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார்.

மாசி 10, சனி

பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். செல்வி காலையிலிருந்தே என் சட்டையைத் தோய்த்து வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் என்ன கோளாறு எனக்கு? வேட்டைக்கு முன்னால் கண்ணில் கத்தி வைப்பார்களா யாராவது? திருவிழா முடியட்டும் என்றேன். கேட்கவில்லை. ஆகையால் கொல்லை வழியாக இறங்கி, யாரும் தேட மாட்டார்கள் என்று சேவுகன் வீட்டு வைக்கோற்படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அங்கே சேவுகன் உட்கார்ந்திருந்தான்.

நீ எதற்கு இங்கே என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெற்றிலை போட்டோம். மழையைப் பற்றிப் பேசினோம். கொஞ்ச நேரத்தில் அவன் மருமகள் வாசலில் நின்று, "மாமா, முகாம் ஆளுக கிளம்பப் போறாக" என்று கூப்பிட்டாள். சேவுகன் வாயில் விரலை வைத்தான். நானும் மூச்சுவிடவில்லை. சண்டை சண்டைதான், அதற்காக ஒருத்தனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

மாசி 13, செவ்வாய்

இந்த வேட்டையில் உள்ள சிக்கலை இரண்டு நாளாக யோசித்தேன். மண்ணுக்கு வாசனை இல்லை, நாய் உதவாது. கால் தடம் இல்லை, புழுக்கை இல்லை. ஆக, முயலைத் தேடிப் பயனில்லை. முயலை ஒளித்துவைக்கப் போகிறவரைத்தான் தேட வேண்டும். வேளார் எங்கே போகிறார், எங்கே நிற்கிறார், எந்தப் புதரைத் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனித்தால் போதும்.

இது எனக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நினைத்தேன்.

காலையில் வேளார் சொம்போடு கண்மாய்க் காட்டுக்குள் போனார். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். அவர் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் எதிர்ப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எனக்கு இடது பக்கம் இருமல் கேட்டது, சேவுகன். அவனுக்குப் பின்னால் அவன் மகன். அந்தப் பக்கம் வடக்கு வகையறா ஆட்கள் இரண்டு பேர் விறகு பொறுக்குகிற மாதிரி குனிந்திருந்தார்கள், பொறுக்க அங்கே விறகு இல்லை. மேட்டில் தெற்கு வகையறாவின் அன்னக்கிளி மூன்று பிள்ளைகளோடு நின்றாள். அதுகளுக்குத் தட்டும் கொடுத்துக் கூட்டிவந்திருந்தாள். ஒன்று பழக்க தோஷத்தில் தட்டிவிட்டது.

வேளார் சொம்போடு எழுந்து நின்றார். நாலா பக்கமும் பார்த்தார்.

"அய்யா சாமிகளா, இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்லய்யா. நிம்மதியா இருக்க விடுங்க" என்றார்.

மாசி 14, புதன்

வேளார் பொஞ்சாதி நாலு தெருவிலும் நடந்து திட்டிவிட்டுப் போனாள். எங்கள் வீட்டு வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

இனிமேல் வேளார் பின்னால் யாரும் போகக் கூடாது என்று கூட்டத்தில் முடிவாயிற்று. போனால் அந்த வகையறா வேட்டைக்குக் கிடையாது.

மாசி 16, வெள்ளி

வேளாரும் பொஞ்சாதியும் விடியும் முன்னே மொபட்டில் கூடையோடு போனார்கள். மேற்கே போனதாகச் சேவுகன் வீட்டில் சொல்கிறார்கள். ஆகவே கிழக்கேதான் போயிருப்பார்கள்.

மாசி 17, சனி

வீட்டில் பேச்சு முற்றிவிட்டது. நாளைக்கு வேட்டை. எங்கள் வகையறா ஆட்கள் காளைலிங்கத்தை அழைத்துப் பேசியிருக்கிறார்கள். அவன் வந்து சுற்றிவளைத்தான். வெயில் அதிகம் என்றான், கால் வலிக்கும் என்றான். கடைசியில், "நீங்க வண்டியில உக்காந்து பாருங்கப்பா. எறியறது கிறியறதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றான்.

வண்டியில் உட்கார்ந்து பார்க்க நான் என்ன சோற்றுத் தூக்கா? வேட்டைக்குப் போய்க் கம்பு எறியாதவனுக்குப் பரிவட்டத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை. வெயிலில் காய்ந்த வேட்டியை மடித்து மறுபடியும் பெட்டியில் வைக்க வேண்டியதுதான். நானும் சத்தம் போட்டேன். என் வயதில் இனி எத்தனை மாசி பார்க்கப் போகிறேன் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம், செல்வி அழுதுவிட்டாள்.

(நான் அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். – செ.)

சசு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "அய்யா எங்கூட வரட்டும்ப்பா. நான் கையப் பிடிச்சுக்கிறேன்" என்றாள். காளைலிங்கம் யோசித்துவிட்டுச் சரி என்றான். முள்ளுக்காட்டில் பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்பதால் நானும் சம்மதித்தேன்.

மாசி 18, ஞாயிறு

முயல் அகப்பட்டது. உடைந்துவிட்டது. பேச்சு நடக்கிறது. எழுத ஆள் இல்லை, செல்வியும் அங்கேதான் நின்று பேசிக்கொண்டிருந்தாள். வந்து இந்த மூன்று வரியோடு படுத்துவிட்டாள்.

மாசி 19, திங்கள்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கொட்டு அடித்ததும் நாலு வகையறாவும் நாலு திசையிலிருந்து காட்டுக்குள் இறங்கினோம். ஊரில் உள்ள பிள்ளைகள் அத்தனையும் அங்கேதான். தட்டுச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் எங்கிருந்தோ கேள்விப்பட்டு ஒற்றையடிப் பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பாதிப் பிள்ளைகள் முயலை விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டன.

எங்கள் வகையறாவை நான் பொட்டல் பக்கம் திருப்பினேன். வேளாருக்கு முழங்கால் வலி, மேடு ஏற மாட்டார். அவர் பொஞ்சாதிக்குப் பாம்பு பயம், புதருக்குள் போக மாட்டாள். ஆக, மேடும் இல்லாமல் புதரும் இல்லாமல் இருக்கிற இடம் பொட்டல்தான். நல்ல கணக்கு. பொட்டலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால்தானே அதற்குப் பொட்டல் என்று பெயர் என்று காளைலிங்கம் முனகினான். நான் காதில் வாங்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. மற்ற வகையறா ஆட்களின் சத்தம் கிழக்கே கூடிக்கொண்டே போயிற்று. சேவுகன் முயலை எடுத்துவிட்டானோ என்று நெற்றியில் கையை வைத்துக் கிழக்கே பார்த்தேன். அந்த நேரத்தில் லிங்கேஷ் ஒன்றுக்கு வருகிறது என்றான். இங்ஙனயே இரு என்றான் அவன் அப்பன். பொட்டலில் எல்லாரும் பார்ப்பார்கள், மாட்டேன் என்று கல்மேடு ஏறி ஒரு சூராம்புதருக்குப் பின்னால் போனான். மேடு, முள், கல். வேளார் போகவே முடியாத இடம். அங்கேயிருந்து டவுசரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து அக்கா காதில் ஏதோ சொன்னான்.

சசு சத்தம் போடவில்லை. என்னிடம் வந்து தோளைத் தொட்டு, கையைக் காட்டினாள். எங்கள் வகையறாவில் முயலைக் கண்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். மெல்ல மேடு ஏறினோம்.

பார்த்தேன். புதருக்கு அடியில், செம்மண் நிறத்தில், காதை முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தது. என்ன வேலைப்பாடு! மீசைகூட வைத்திருந்தார்.

(மீசை எனக்கே தெரியவில்லை. மாமா அப்போது பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்துப் புதரை. – செ.)

நடந்துபோய்க் கையில் எடுத்திருக்கலாம். எடுத்துத் தலையில் வைத்திருந்தால் வேலை முடிந்தது. மண் முயல் எங்கே போகப் போகிறது? இதெல்லாம் இப்போது உட்கார்ந்து சொல்ல நன்றாக இருக்கிறது. முயலைக் கண்ட பிறகு நடந்து போகிற கால் எங்கள் வகையறாவில் யாருக்கும் கிடையாது. கை ஓங்கிவிட்டது. எறிந்துவிட்டேன். என் பக்கத்திலிருந்து இன்னொரு கம்பும் கிளம்பினது மாதிரி இருந்தது.

தண்ணீர்ப் பானை படியில் விழுந்தால் என்ன சத்தம் கேட்குமோ அந்தச் சத்தம் கேட்டது.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். லிங்கேஷ்தான், "செத்துப்போச்சா?" என்று கேட்டான். வெடி ஓடிப்போய் இடது பக்கப் பனை மரத்தடியிலிருந்து என் கம்பைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. முயலை அடித்துவிட்டுத் தெறித்து அங்கே போயிருக்கும். வைரம் பாய்ந்த கம்பு, தெறிக்கும். ஓடுகளுக்கு நடுவே கிடந்தது ரிப்பன் சுற்றிய கம்பு. சசு அதை எடுத்து, மண்ணைத் துடைத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். முதலில் சேவுகன்தான், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அடப்பாவி மச்சான், எடுத்தாரச் சொன்னா அடிச்சுப் போட்டியே" என்றான்.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. முழு முயலைக் கொண்டுவந்தால்தான் பரிவட்டம் என்று வடக்கு வகையறா. உடைந்த மண்ணைக் கோயிலுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று தெற்கு வகையறா. முயல் என்றால் அடிக்காமல் கொஞ்சுவார்களா என்று காளைலிங்கம். அடித்தது தப்பு, ஆனால் நாங்கள்தான் முதலில் பார்த்தோம் என்று செல்வி. கல்மேட்டிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் இதே பேச்சு. வேளார் மட்டும் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. குயவன் கண்முன்னால் உடைத்தது மாதிரிதானே இது.

கோயில் வாசலில் கூடையை இறக்கிவைத்தார். தலை உடையாமல் முழுசாக இருந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் சுட்டுவச்சது பொம்மை. இப்பத்தான் இது வேட்டை முசலு" என்றார். "எடுத்துட்டு வந்திருந்தா ஒரு வீட்டுக்குத்தான் முசலு. இப்ப எல்லாருக்கும் இருக்கு. கூறு போடுங்கப்பு."

அவ்வளவு நேரம் சண்டை போட்ட கூட்டம் அப்படியே வரிசையில் உட்கார்ந்துவிட்டது. கூறு போடுவதென்றால் என்னை விட்டால் ஊரில் ஆள் இல்லை. முதலில் கண்டவனுக்குத் தலை. லிங்கேஷ் வாங்கிக்கொண்டான். நேற்று அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினான். நாய்க்கு ஒரு கூறு. வெடி முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. நாலு வகையறாவுக்கும் ஒவ்வொரு கூறு. சேவுகனுக்கு வால் விழுந்தது. அய்யனார் பார்த்துக் கொடுத்தது, நான் என்ன செய்ய? வேட்டை விழுந்த இடத்துக்கு வழியோடு வந்தவனுக்கும் ஒரு கூறு உண்டு. ஐஸ் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காதைக் கொடுத்தோம். அவர் இதை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்டார்.

கடைசியாகத் தொடை. தொடை, அடித்தவன் கூறு. தொடை யாருக்கோ பரிவட்டம் அவருக்கு. வேளார் தாம்பாளத்தில் பட்டுத்துணியையும் தொடைத் துண்டையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றார்.

"அடிச்ச ஆளு முன்னுக்கு வாங்கப்பு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பட்டுக்கரை வேட்டிதான் கட்டியிருந்தேன். பெட்டியில் வைத்த மடிப்புகூடக் கலையவில்லை. சேவுகன் என் முதுகில் கையை வைத்தான். "போ மச்சான். எம்புட்டு வருசமாச்சு" என்றான். அதில் கேலி இல்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

இரண்டு எட்டு வைத்தேன். சசு கூட்டத்து ஓரத்தில் நின்று ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். கம்பு இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. காட்டிலிருந்து அங்கே வரும் வரைக்கும் அவள் அந்தக் கம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பனிடமும் பேசவில்லை, ஆத்தாளிடமும் பேசவில்லை. என்னைப் பார்த்து, போங்க என்று தலையை ஆட்டினாள்.

"எனக்கு வேணாம் வேளாரே" என்றேன். "தொடையைக் கடிக்க எனக்குப் பல்லு இல்ல. அந்தா நிக்கிது பாருங்க, ஐஸ் தின்னுக்கிட்டு. அது கடிக்கும்."

(தொடை, சுட்ட மண். – செ.)

வேளார் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், கம்பில் இருந்த ரிப்பனையும் பார்த்தார். தாம்பாளத்தை அவள் பக்கம் திருப்பினார். தெற்கு வகையறாவில் யாரோ, பொம்பளைப் பிள்ளைக்குப் பரிவட்டம் கட்டுகிற வழக்கம் உண்டா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்து இல்லை, எனக்குத் தெரியாமலும் இல்லை. ஆனால் அதை நான் சொல்லவில்லை.

"அடிச்ச கைக்குன்னுதான் வழக்கம். கைக்கு மீசை இருக்கான்னு எவனும் பாத்ததில்ல" என்றேன்.

அன்னக்கிளி முதலில் குலவை போட்டாள். ஆட்டுக் கிடாய்க்காக என்னைத் திட்டினவள். மற்ற பொம்பளைகளும் போட்டார்கள். குலவை போட்ட பிறகு யாரால் என்ன பேச முடியும்?

வீட்டுக்கு வந்து காளைலிங்கம், ஏம்ப்பா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டான். பல் விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுது ஆத்தா. இன்னும் கொஞ்சம்தான்.

அந்தப் பட்டு, பெரிய ஆம்பளைத் தலைக்கு மடித்துத் தைத்தது. சசு தலையில் வைத்ததும் மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒரு கையில் தொடை, ஒரு கையில் ஐஸ், தூக்கிவிட அவளுக்குக் கை இல்லை. வழி தெரியவில்லை அய்யா என்றாள். நான் இருக்கிறேன், என் பின்னால் வா என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கொட்டு மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். கூட்டமெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது. நேராக நடந்தோம். வெயில் கண்ணில் அடித்ததால் வளைவு கொஞ்சம் தள்ளி இருப்பதாக நினைத்துவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து அய்யனார் குதிரையின் முன்னங்காலில் போய் முட்டினோம்.

எனக்கு மூக்கு வீங்கியிருக்கிறது. அவளுக்கு ஐஸ் விழுந்துவிட்டது. வண்டிக்காரர் வேறு கொடுத்தார். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. வேளார் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டார்.